பூஜ்யமும் இரண்டும்

கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் சீரியல் கேபிள் வழியாக வருபவை, வரவரப் படித்துவிடலாம். நினைவகம் இவ்வளவு, டிஸ்க் இன்னது, நெட்வொர்க் இந்த இடத்தில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த இயந்திரம் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தியது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம். பிறகு ஒரு வரி வந்தது. இரண்டாம் எண் பிராசசர் சிக்கிக்கொண்டது என்று அந்த ஆங்கில வரிக்குப் பொருள். அதைச் சொல்லிவிட்டு, வரவேண்டிய ஒருவர் வராமலே பந்தியைத் தொடங்கிவிடுவதுபோல, மீதி வேலைகளைப் பார்க்கப் போய்விட்டது.

அந்த இரண்டு நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது.

இயந்திரத்தின் பெயர் ஸ்பார்க்ஸ்டேஷன் 20. கலிஃபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1994இல் கொண்டுவந்த வொர்க்ஸ்டேஷன். ஏறக்குறைய 16 அங்குலச் சதுரம், 3 அங்குல உயரம். பிட்சா பெட்டி என்றே அந்நாளில் அதைச் சொல்வார்கள். மூடியைத் தூக்கினால் தாய்ப்பலகையில் எம்பஸ் என்ற இணைப்புக்கு இரண்டு இடங்கள் தெரியும். பிராசசர் தனிப் பலகையில் வரும். ஒரு பலகையில் ஒன்று இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். ஆக, மேசைமேல் உட்காரும் ஒரு பெட்டிக்குள் நான்கு பிராசசர். மேசைக் கணினி என்றால் பிராசசர் ஒன்றுதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து எடைக்குப் போகவிருந்த பெட்டியை நான் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூப்பர்ஸ்பார்க், 60 மெகாஹெர்ட்ஸ், பக்கத்திலேயே 1 மெகாபைட் கேஷ்.

வந்த அன்று அதற்குத் தன் பெயரே மறந்திருந்தது. சன் இயந்திரங்களில் நேரத்தையும் அடையாளத்தையும் வைத்திருக்கும் சிறு சிப் ஒன்று உண்டு. பேட்டரி அதன் உடலுக்குள்ளேயே பிசினில் புதைக்கப்பட்டிருக்கும். பேட்டரி தீர்ந்தால் தேதி போய்விடும். அதோடு நெட்வொர்க்கில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வன்பொருள் முகவரியும் போய்விடும். என்ன செய்ய வேண்டும் என்று பழைய சன்காரர்களுக்குத் தெரியும். சிப்பின் தலையை அரத்தால் மெல்லத் தேய்த்து, பேட்டரியின் இரண்டு முனைகளைக் கண்டுபிடித்து, பழையதைத் துண்டித்துவிட்டு, வெளியே ஒரு நாணய பேட்டரியை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். அரம் ஒரு இழை அதிகம் போனாலும் சிப் முடிந்தது. அந்த வேலையைச் செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. பிறகு, சிப்பின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் மங்கிக் கிடந்த எண்களைப் பார்த்து, 08, 00, 20 என்று தொடங்கும் அந்த முகவரியை பைட் பைட்டாக நானே மறுபடி தட்டிக் கொடுத்தேன். இதற்கெல்லாம் இயங்குதளம் எழுந்திருக்கவே வேண்டாம். மிட்ச் பிராட்லி எழுதிய ஓப்பன்பூட் என்ற நிரல் பலகையின் ரோமிலேயே குடியிருக்கிறது. 'ஓகே' என்ற இரண்டெழுத்துடன் காத்திருந்து, ஃபோர்த் மொழியில் சொன்னதைச் செய்கிறது. அந்த ரோமைக் கேட்டேன். பிராசசர் இரண்டு, இரண்டும் நலம் என்றது.

அதில் நான் நிறுவிய லினக்ஸ் இயங்குதளத்தைக் கேட்டால் ஒன்றுதான் என்றது.

முதல் வாரம் முழுக்க இதிலேயே போனது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. இரண்டாவது பிராசசர் அங்கே இருப்பதாகவே லினக்ஸின் மையமான கெர்னல் காட்டிக்கொள்ளவில்லை. பலகைகளை இடம் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தனியாகச் செருகிப் பார்த்தேன். தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடின. கடைசியில் விடை நான் கம்பைல் செய்த அமைப்பிலேயே இருந்தது. எத்தனை பிராசசர்கள் வரை என்ற கேள்விக்கு நான் 2 என்று கொடுத்திருந்தேன். இருப்பது இரண்டு, அதனால் 2. எம்பஸின் கணக்கு அப்படி இல்லை. முதல் இடத்துக்கு 8, 9 என்று இரண்டு எண்கள். அடுத்த இடத்துக்கு 10, 11. லினக்ஸ் ஒவ்வொன்றிலும் 8ஐக் கழித்து 0, 1, 2, 3 என்று வைத்துக்கொள்ளும். ஒற்றைப் பிராசசர் பலகை தன் இடத்துக்குரிய முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆக என்னிடம் இருந்தவை 0, 2. நான் கொடுத்த எல்லையோ 2க்குக் கீழே இருப்பவர்களை மட்டும் உள்ளே விடச் சொன்னது. தெருவில் வீடு இரண்டுதான், கதவு எண் மட்டும் 0, 2. தபால்காரர் 0ஐயும் 1ஐயும் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எல்லையை 4 ஆக்கினேன், சரியானது.

எத்தனை பேர் என்ற கேள்வியும், கடைசி ஆளின் எண் என்ன என்ற கேள்வியும் வேறு வேறு. ஒரே ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு தெரியாது. இரண்டாமவர் வந்தபின்தான், இத்தனை நாள் எண்ணிக்கை என்று நினைத்தது வெறும் வழக்கம் என்று புரிகிறது.

எண்ணைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இரண்டு பிராசசர்களும் ஒரே நினைவகத்தைப் பார்க்கின்றன, ஒரே கெர்னல் நிரலை ஓட்டுகின்றன. அப்படியானால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் 'நான் யார்?' என்று கேட்டால் பதில் எங்கிருந்து வரும்? நினைவகத்தில் எழுதிவைக்க முடியாது. அதை இருவரும் படிப்பார்கள். ஸ்பார்க் என்ற இந்தப் பிராசசர் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. இன்டரப்ட் போன்ற இடையூறு வந்தால் எங்கே தாவவேண்டும் என்ற அட்டவணையின் முகவரி அதில் இருக்கும். அட்டவணையில் 256 பதிவுகள், பதிவுக்கு 16 பைட், ஆக 4096 பைட். லினக்ஸ் இந்த வகை இயந்திரங்களுக்காக ஒரே அட்டவணையை நான்கு பிரதி எடுத்து, நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறது. தன் எண் தெரியவேண்டிய பிராசசர் அந்த ரெஜிஸ்டரைப் படித்து, 12 பிட் வலப்புறம் தள்ளி, கடைசி இரண்டு பிட்டைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றே கட்டளை. அபாயம் வந்தால் எந்தக் கதவுக்கு ஓடுவோமோ, அந்தக் கதவின் முகவரியே நம் பெயர். இதை முதன்முதலில் நிரலில் படித்த இரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

எல்லையைத் திருத்தியபின் வந்ததுதான் சிக்கிக்கொண்டது என்ற அந்தச் செய்தி. நிரலைத் திறந்து அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடினேன். முதல் பிராசசர் ரோமிடம் சொல்லி இரண்டாவதை எழுப்புகிறது. பிறகு ஒரு வளையத்துக்குள் போய், நினைவகத்தின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எழுந்தவர் அங்கே 'வந்துவிட்டேன்' என்று ஒரு குறி வைக்கவேண்டும். ஒவ்வொரு முறை பார்த்தபின்னும் 200 மைக்ரோநொடி இடைவெளி. இப்படி 10,000 முறை. பெருக்கினால் இரண்டு நொடி. நான் மனதுக்குள் எண்ணிய அதே இரண்டு நொடி. எழுந்து வருபவரும் குறி வைத்த கையோடு வேலையில் இறங்கிவிடுவதில்லை. 'தொடங்கலாம்' என்று முதல்வர் சொல்லும்வரை தானும் ஒரு வளையத்தில் காத்திருக்கிறார். பல பிராசசர்கள் கொண்ட கெர்னல் பிறக்கும் கணத்தில் நடப்பது ஒருவருக்காக ஒருவர் நிற்பது மட்டும்தான். கணக்குப் போடுவதெல்லாம் அதற்குப் பின்னால்.

என் இயந்திரத்தில் குறி வராததற்குக் காரணம் சாதாரணமானது. வெயில் ஏறிய பிற்பகல்களில் மட்டும் செய்தி வந்தது, விடியற்காலையில் வரவில்லை. பலகையின் இணைப்பான் ஒரு மூலையில் முழுக்க இறங்காமல், சூட்டில் விலகிக்கொண்டிருந்தது. கழற்றித் துடைத்து, இரண்டு கட்டைவிரலாலும் சீராக அழுத்தி, திருகுகளைக் குறுக்கு வரிசையில் முடுக்கியதும் நின்றுவிட்டது. மென்பொருள் பிழை என்று பத்து நாள் படித்த நிரல் வீணாகவில்லை. வன்பொருள் பிழையைத் தேடிப் போயிருந்தால் அந்தக் காத்திருப்பு எனக்குக் கண்ணில் பட்டிருக்காது.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1969இல் பிறந்தபோது அதன் உலகத்தில் பிராசசர் ஒன்றே. கெர்னலுக்குள் நுழைந்த ஒரு பணி, தானாக உறங்கப் போகும்வரை அதை யாரும் அசைப்பதில்லை என்பது எழுதாத உடன்பாடு. குறுக்கே வரக்கூடியது வன்பொருளின் இன்டரப்ட் மட்டும். சிறிது நேரம் அதை அடைத்து வைத்தால் போதும், உலகமே நின்றுவிடும். இந்த நம்பிக்கையின் மேல்தான் மொத்த வீடும் கட்டப்பட்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிளும் உடனிருந்தவர்களும் வாக்ஸ் 780 கணினி ஒன்றில் இரண்டாவது பிராசசரைச் சேர்த்தபோது இந்த நம்பிக்கையோடு மோதாமல் ஒதுங்கி வழி கண்டார்கள். இரண்டாமவர் பயனர்களின் நிரல்களை மட்டும் ஓட்டுவார். கெர்னல் வேலை வந்தால் முதல்வரிடம் ஒப்படைத்துவிடுவார். அடுக்களைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி.

லினக்ஸ் இதை எதிர்கொண்டது 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில். இன்டெல் பக்கம் ஆலன் காக்ஸ், ஸ்பார்க் பக்கம் டேவிட் மில்லர். வழி பழையதுதான், சற்றே தாராளமானது. எந்தப் பிராசசரும் கெர்னலுக்குள் வரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர். கதவுக்கு ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே கிணறு, ஒரே வாளி என்பதைப் போல. தண்ணீர் குறைவில்லை, வரிசைதான் நீளம். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பூட்டு போட்டு, பெரிய பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவையில்லாததாக ஆக்கினார்கள். கடைசிச் சுவடும் நீங்கியது 2011இல், 2.6.39 பதிப்பில். பதினைந்து ஆண்டு. இடையில் 2.5 காலத்தில், எல்லாப் பிராசசர்களின் இன்டரப்டையும் ஒரே அழைப்பில் அடைக்கும் பழைய வசதியையும் எடுத்துவிட்டார்கள். அதை நம்பி எழுதப்பட்ட, வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தவேண்டும். கூட்டம் அதிகமிருந்த இன்டெல் பக்கம் திருத்த ஆள் இருந்தது. என் மேசைமேல் இருந்தது போன்ற இயந்திரங்களுக்கு ஆள் குறைவு. அதனால் இவை வெகுகாலம் ஒற்றைப் பிராசசரிலேயே ஓடின. இரண்டாவது அருகிலேயே சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.

அதே பழைய நம்பிக்கையில் நானும் ஒரு நிரல் எழுதியிருந்தேன்.

அப்பா கடைசிக் காலத்தில் ஒரு பழைய கணினியில் கடிதங்கள் தட்டச்சு செய்து வைத்திருந்தார். யூனிகோடுக்கு முந்தைய எட்டு பிட் தமிழ். அந்தக் கணினியில் நெட்வொர்க் இல்லை, சீரியல் துளை மட்டும் உண்டு. கற்றுக்கொள்ளும் ஆசையில் நானே ஒரு சிறு டிரைவர் எழுதி, சீரியல் கேபிள் வழியாகக் கோப்புகளை வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். ஒற்றைப் பிராசசர் இயந்திரத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு எழுத்தும் பிசகாமல் ஓடிய நிரல் அது. ஸ்பார்க்ஸ்டேஷனில் இரண்டு பிராசசரும் ஓடத் தொடங்கிய பிறகு வாங்கிய ஒரு கடிதத்தைப் படித்தேன். சித்தப்பாவைப் பற்றிய பத்தி. 'அவனுக்கு நான் கெடுத்தது எல்லாம் கணக்கில் இல்லை' என்று இருந்தது.

கொடுத்தது என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கால எழுத்துருவில் 'கொ' என்பது மூன்று பைட்: ஒற்றைக் கொம்பு, ககரம், கால். காலைச் சுமந்து வந்த பைட் வழியில் காணாமல் போயிருக்கிறது. கொம்பு போயிருந்தால் 'காடுத்தது' என்று வந்திருக்கும், பிழை என்று உடனே தெரிந்திருக்கும். கால் போனதால் பொருளுள்ள வேறொரு சொல்லாகி, அப்பா தம்பிக்குக் கெடுதல் செய்ததாக அப்பாவே எழுதிவைத்ததுபோல் ஆகிவிட்டது. மூலத்தைத் திறந்து பார்க்காமல் அந்தப் பிரதியை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தால், எங்கள் வீட்டில் பின்னால் வருபவர்கள் அதை நம்பியிருப்பார்கள்.

மறுபடி அனுப்பினேன், சரியாக வந்தது. இன்னொரு முறை, அதுவும் சரி. பத்து முறைக்கு ஒன்று, இருபது முறைக்கு ஒன்று, அதுவும் பக்கத்தில் வேறொரு கனமான வேலை ஓடிக்கொண்டிருந்தால்தான், எங்கோ ஒரு பைட் போனது. எங்கே போகிறது என்று பார்க்க டிரைவருக்குள் ஒரு அச்சிடும் வரியைச் சேர்த்தேன். சேர்த்ததும் நின்றுவிட்டது. எடுத்தேன்; திரும்ப வந்தது. பல பிராசசர்களோடு பழகியவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு, காரணமும் மாயமில்லை. 9600 வேகத்தில் ஓர் எழுத்து கேபிளில் போய்ச்சேர ஒரு மில்லிநொடி ஆகும். அதற்குள் 60 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 60,000 துடிப்பைக் கடந்துவிடும். நான் பிடிக்க நினைத்த தவறு சில பத்துத் துடிப்புகளுக்குள் நடந்து முடிவது. பார்ப்பதற்கு நான் ஏற்றிய விளக்கு அத்தனை பெரியது. அதைச் சுற்றிப் போகவே இருவரும் வேறு வேறு நேரத்தில் நடக்க வேண்டியிருந்தது.

பார்த்துப் பிடிக்க முடியாததை யோசித்துத்தான் பிடிக்க வேண்டும். டிரைவரைக் காகிதத்தில் அச்செடுத்தேன். நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பிராசசர் 0, வலப்பக்கம் பிராசசர் 2 என்று எழுதினேன். பென்சிலால் ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் நடத்தினேன். ஆறாம் நாள் கிடைத்தது.

டிரைவரின் வேலை சிலேட்டு வேலை போன்றது. பைட் வரும்போதெல்லாம் இன்டரப்ட் வந்து சிலேட்டில் ஒரு எழுத்தை எழுதும். படிக்க வரும் நிரல் சிலேட்டில் இருப்பதைத் தன் தாளில் பிரதி எடுத்துக்கொண்டு சிலேட்டை அழிக்கும். பிரதி எடுப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அந்த நேரத்தில் இன்டரப்டை அடைத்துவைத்திருந்தேன். ஒரே பிராசசராக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. இப்போது நான் அடைத்தது படிக்கும் பிராசசரின் கதவை மட்டும். இன்டரப்ட் மற்றவர் கதவு வழியாக வந்தது. பிராசசர் 2 தன் பிரதியை எடுத்து முடித்தது. அந்த இடைவெளியில் பிராசசர் 0 ஒரு காலை எழுதியது. 2 சிலேட்டை அழித்தது. பிரதியிலும் இல்லாமல் சிலேட்டிலும் இல்லாமல் போனது அந்தக் கால்.

திருத்தம் இரண்டு வரி. சிலேட்டுக்கு ஒரு பூட்டு. எழுதுபவரும் அழிப்பவரும் அதை எடுத்த பிறகே தொடவேண்டும். இன்டரப்டை அடைப்பதையும் விட்டுவிடக் கூடாது. பூட்டைக் கையில் வைத்திருக்கும் பிராசசருக்கே இன்டரப்ட் வந்தால், அது தன்னிடமிருக்கும் பூட்டுக்காகத் தானே வாசலில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் வந்து திறக்க மாட்டார்கள்.

அந்தப் பூட்டு எதனால் ஆனது என்று பார்க்கப் போனால் ஸ்பார்க்கின் எட்டாம் பதிப்புக்கு வருவோம். ஒரு பைட்டைப் படிப்பதும் அதே இடத்தில் எட்டு பிட்டையும் 1 ஆக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும் கட்டளை அதில் உண்டு. படித்தது 0 என்றால் பூட்டு நம்முடையது. இல்லையென்றால் வேறொருவர் முந்திவிட்டார், மறுபடி முயலவேண்டும். ஒப்பிட்டு மாற்றும் வசதியான கட்டளை ஒன்பதாம் பதிப்பில்தான் வந்தது. இந்த ஏழ்மை லினக்ஸின் பொதுவான பகுதிகளையும் தொட்டது. பிரியாமல் கூட்டிக் கழிக்கவேண்டிய எண்ணிகள் மற்ற இயந்திரங்களில் 32 பிட். இங்கே அதே சொல்லுக்குள் ஒரு பைட்டைப் பூட்டுக்கு ஒதுக்கவேண்டியிருந்ததால் மிஞ்சியது 24 பிட். பின்னாளில் பூட்டை வெளியே எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். அதுவரை, இந்தப் பெட்டியைப் பார்த்தே இராத எத்தனையோ பேர், கெர்னலில் எந்த எண்ணியும் 24 பிட்டைத் தாண்டும் என்று நம்பக் கூடாது என்பதை மனதில் வைத்து எழுதினார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகப் படுகிறது.

காத்திருப்பிலும் இந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். ஒரு பிராசசர், நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் பக்க அட்டவணையை மாற்றினால், மற்றவர்கள் தங்கள் நினைவிலுள்ள பழைய முகவரிகளை மறக்கவேண்டும். அதற்காகக் குறுக்கழைப்பு என்று ஒன்றை எல்லோருக்கும் அனுப்பி, எல்லோரும் கேட்டு முடித்தார்கள் என்று குறி வரும்வரை நிற்கும். அந்த நேரத்தில் வேறொருவர் இன்டரப்டை அடைத்துக்கொண்டு இவரிடமுள்ள பூட்டுக்காகக் காத்திருந்தால்? இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றே போவார்கள். ஸ்பார்க்கில் இன்டரப்டுக்குப் பதினைந்து படிநிலைகள். பதினைந்தாவதை, மட்டத்தை உயர்த்தி அடைக்க முடியாது. லினக்ஸ் குறுக்கழைப்பை அந்தப் பதினைந்தில் வைத்தது. எவ்வளவு இறுக்கிக் கதவடைத்துக்கொண்டாலும் இந்தக் குரல் மட்டும் உள்ளே கேட்கும்.

பூட்டு இல்லாமலே, ஆளுக்கொரு கொடி வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றலாம். நான் உள்ளே போகுமுன் என் கொடியை உயர்த்துவேன். உன் கொடி தாழ்ந்திருந்தால் போவேன். நீயும் அப்படியே. தாளில் பார்த்தால் இருவரும் ஒருசேர உள்ளே போகவே முடியாது. இயந்திரத்தில், பிராசசர் எழுதியது நினைவகத்துக்கு உடனே போய்ச்சேர்வதில்லை. நடுவே ஒரு வரிசையில் நிற்கிறது. கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் போட்டவருக்கு அது போய்ச்சேர்ந்த மாதிரிதான். இருவரும் கொடியைத் தபாலில் போட்டுவிட்டு மற்றவர் வாசலைப் பார்க்கிறார்கள். இருவர் கண்ணுக்கும் தாழ்ந்த கொடி. இருவரும் உள்ளே. இதைவிட விசித்திரம் டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா பிராசசரில். ஒரு முகவரியைப் படித்து, அந்த முகவரியில் இருப்பதை அடுத்துப் படித்தால், இரண்டாவது முதலாவதைவிடப் பழைய காலத்துச் செய்தியாக இருக்கலாம். எல்லா இயந்திரங்களிலும் இது மட்டும்தான் அப்படி. அதற்காகவே லினக்ஸில் தனியாக ஒரு தடுப்புக் குறிப்பு எழுதப்பட்டு, கெர்னல் முழுக்கத் தூவப்பட்டிருந்தது. ஆல்ஃபா கடைகளிலிருந்து மறைந்த பிறகும், எந்த வரிசையை நாம் கேட்டுப் பெறுகிறோம், எதைத் தானாகக் கிடைத்ததென்று நினைக்கிறோம் என்று எழுதுபவர்களை அது யோசிக்கவைத்தது.

பழைய இயந்திரங்களின் ஆதரவை எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் பராமரிக்கும் சுமை என்ற ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அது உண்மை, சுமப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2007இல் வந்த எட்ச் பதிப்போடு 32 பிட் ஸ்பார்க்கை நிறுத்திக்கொண்டது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2016இன் 5.9ஓடு நிறுத்தியது. ஒரு இயந்திரம் போகும்போது அதற்காகப் பதிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு எச்சரிக்கைகளும் போகின்றன. அவை ஏன் அங்கே இருந்தன என்பதை அறிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆறுதலும் ஒன்று உண்டு. அதே எட்டாம் பதிப்புக் கட்டளைகளை வைத்து ஐரோப்பிய விண்வெளி முகமையில் யிரி கைஸ்லர் லியோன் என்ற பிராசசரை வடிவமைத்தார். அதன் வழிவந்தவை இன்றும் செயற்கைக்கோள்களில் ஓடுகின்றன. 32 பிட் ஸ்பார்க்கில் பல பிராசசர் ஆதரவை மறுபடி உயிர்ப்பித்தவர்களில் லியோனுக்காக வந்தவர்களே முக்கியமானவர்கள். என் மேசையில் இரண்டு பிராசசரும் ஓடியதில் விண்கலத்துக்காக வேலை செய்த யாரோ ஒருவரின் பங்கும் இருக்கிறது.

டிரைவரைத் திருத்தியபின் அப்பாவின் கடிதங்கள் அத்தனையையும் மறுபடி ஒரு முறை வாங்கினேன். இம்முறை பக்கத்தில் வேண்டுமென்றே கெர்னலைக் கம்பைல் செய்ய விட்டிருந்தேன். இரண்டு பிராசசரும் மூச்சுமுட்ட ஓடின. மூன்று நாள், நாற்பதுக்கும் மேற்பட்ட முறை. ஒவ்வொரு முறையும் மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். கொடுத்தது கொடுத்ததாகவே வந்தது.

மூன்றாம் நாள் மாலை மகள் வந்து பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். பிராசசர்களின் நிலையைக் காட்டும் பட்டியல் அதில் இருந்தது.

"என்னப்பா இது, பூஜ்யம் இருக்கு, ரெண்டு இருக்கு, ஒன்னு எங்க?"

மூடியைத் தூக்கிக் காட்டினேன். பலகையில் ஒரு சில்லு மட்டும் இருப்பதையும், இரண்டு சில்லு வைத்த பலகைகளும் உண்டு என்பதையும், அந்த எண் அப்படி ஒரு பலகையின் இரண்டாவது சில்லுக்கானது என்பதையும் சொன்னேன்.

"அது வரவே இல்லைன்னாலும் அந்த நம்பரை யாருக்கும் தர மாட்டாங்களா?"

"தர மாட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தொட்டுப் பார்க்கலாமா?"

"கரண்ட் இருக்கு. நிறுத்திட்டுத் தொடு."

நிறுத்தும் கட்டளையை அவளையே தட்டச் சொன்னேன். வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. டிஸ்க் நின்றது, பிறகு காற்றாடி. அவள் உலோகத் தகட்டின்மேல் விரலை வைத்து, சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.